கூடாரப் பொட்டலில் ஊதிய விசில்

போன வாரம் ஓர் இளம் சாரண ஆசிரியர் போன் செய்தார். "மதுரைக்குப் பக்கத்துல பழைய போர்க்களம் எதுவும் இருக்கா சார்? பயலுகளக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். வாய் வரைக்கும் வந்த பெயரை நிறுத்திக்கொண்டு, எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அவருக்காக எழுத ஆரம்பித்ததை இங்கே எல்லோருக்குமாகப் போடுகிறேன். உங்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் என்று தெரியும்.

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி முடிகிற சமயம். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியார். சாரணர் படையும் என் பொறுப்பு. எனக்குத் துணை, ஓவிய ஆசிரியர் துளசிராம். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் நெசவுக் குடும்பம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், வெளியே மதுரைத் தமிழ், பயந்துவிட்டால் இரண்டும் கலந்து வரும். வருஷா வருஷம் பையன்களை நாகமலைக்கோ அழகர்கோவிலுக்கோ கூட்டிப்போய் அலுத்திருந்தது. பையன்களுக்கும் அலுத்திருந்தது. அந்த வருஷம் "சண்டை நடந்த இடம்" வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். எழுமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் 'கூடாரப் பொட்டல்' என்று ஓர் இடம் இருப்பதாகவும், முன்னொரு காலத்தில் கப்பம் கேட்டு வந்த படை கூடாரம் அடித்துச் சண்டை போட்ட இடம் அது என்றும் துளசி எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தார்.

பையன்களைக் கூட்டிப்போவதற்கு முன்னால் நாம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட வேண்டும். இதை நான் எந்தக் காலத்திலும் விட்டதில்லை. தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பாம்புப் புற்று இருக்கிறதா, ஒருவனுக்கு வயிற்றுவலி வந்தால் ஆஸ்பத்திரி எம்புட்டுத் தூரம், இதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பினோம். முழுச் சீருடை: காக்கிச் சட்டை, காக்கி அரை டிரவுசர், கழுத்தில் ஸ்கார்ஃப், விசில், இடுப்பில் கயிற்றுச் சுருள், கையில் ஆளுயர மூங்கில் கழி. அப்போது சாரணர் சீருடை காக்கிதான்.

நான் குடியிருந்தது கோச்சடையில். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிள். ஆறு மணி உசிலம்பட்டி பஸ். செக்கானூரணி வழியாக நாற்பது கிலோமீட்டர் போல; ஒன்றரை மணி நேரம் ஆனது. உசிலம்பட்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு எழுமலை பஸ் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நான் ஓர் ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் உடனே எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். பஸ்ஸில் இடம் இல்லாமல் இல்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது எங்கள் உடையை மேலும் கீழும் பார்த்து, "எந்தக் கேம்ப்பு சார்?" என்றார். சாரணர் என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

எழுமலையில் வாடகை சைக்கிள் கடையில் நாலைந்து வண்டி நின்றன. பொட்டலுக்குப் போக வேண்டும் என்றதும் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அங்கிட்டா? இந்த உடுப்போடயா போறீக?"

"ஏன்ணே, என்ன?"

"ஒண்ணுமில்ல. வண்டி எல்லாத்துக்கும் ஆளு சொல்லியாச்சு. நடந்து போயிருங்க, ஆறு கிலோமீட்டர்தேன்."

நடந்தோம். மேற்கே மலை சுவர் மாதிரி நின்றது. அறுவடை முடிந்த காடு. சோளத்தட்டைக் கட்டைகள் காலைக் குத்தின. அங்கங்கே பனை, மற்றபடி கருவேலம். பாதி தூரத்துக்கு மேல் மாட்டு வண்டித் தடம் மட்டும்தான்.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது துளசி ஒரு யோசனை சொன்னார். பொட்டலில் விளையாட்டு வைத்தால் விசில் எவ்வளவு தூரம் கேட்கும் என்று இப்போதே பார்த்துவிடலாம். அவர் பனை மரத்தடியில் நின்றார், நான் முன்னால் போய் ஒரு மேட்டில் நின்றேன். அவர் மூன்று நீள விசில் ஊதினார். எல்லோரும் கூடுங்கள் என்று அர்த்தம். சத்தம் மலையில் பட்டு எனக்கே திரும்ப வந்தது. நான் பதிலுக்கு ஊதினேன். அருமையாகக் கேட்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். முன்னால் ஊர்ப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த நாய்க் குரைப்பு நின்றுவிட்டதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஊர் என்றால் முப்பது வீடு இருக்கும். நுழையும்போது பத்தரை, பதினொன்று. ஓலைக் கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. "யாருங்க வீட்டுல?" என்று துளசி குரல் கொடுத்தார். பதில் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. கதவெல்லாம் திறந்துதான் கிடந்தது. ஒரு வாசலில் உரலில் கம்பு பாதி குத்தியபடி இருந்தது. உலக்கை பக்கத்தில் விழுந்து கிடந்தது. இன்னொரு வாசலில் ஒரு சட்டியில் நறுக்கிய கத்தரிக்காய், நறுக்கிய இடம் இன்னும் கறுக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

"அண்ணே, வாங்க போயிருவோம்" என்று துளசி கிசுகிசுத்தார். ஆள் இல்லாத ஊரில் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நானும் கிசுகிசுப்பாகத்தான் பதில் சொன்னேன்.

கோயிலுக்குப் போயிருப்பார்கள், சாவு எடுத்துப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவு என்றால் கொட்டுச் சத்தம் கேட்க வேண்டும். நாய்கூட ஒன்றும் இல்லை. கடைசி வீட்டு வாசலில் ஓர் அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீயில் சுரீரென்று விழுந்துகொண்டிருந்தது. துளசி சட்டென்று குனிந்து விறகை வெளியே இழுத்து மண்ணைப் போட்டு அணைத்தார். "கூரை வீடுண்ணே, பத்திக்கிட்டா என்ன ஆகுறது" என்றார். மூடியைக்கூடச் சரியாக வைத்தார். பிறகு இருவரும் திரும்பிப் பார்க்காமல் ஊரைத் தாண்டினோம்.

திரும்பிவிடலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் இருபத்தாறு பையன்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ஊருக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில் பொட்டல் தொடங்கியது. பெயருக்கு ஏற்ற பொட்டல். செம்மண்ணும் சுக்கான் கல்லும்; மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரை பார்க்கச் சமமாக இருந்தது. நடந்தால்தான் அது சின்னச் சின்னப் பள்ளமாக ஏறி இறங்குவது தெரிந்தது. ஓரத்தில் மூன்று நடுகற்கள், முகம் தேய்ந்தவை. ஒன்றில் வாளைத் தூக்கிய கை மட்டும் மிச்சம். கல்லின் தலையில் அன்றைக்குக் காலையில் வைத்த செவ்வரளி.

உச்சி வெயில். கானல் அலையடித்தது. கூடாரம் போடும் இடத்தைக் கழியால் அளந்துகொண்டு நடந்தோம். எனக்குப் பிடரி கூசியது. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் போகவே போகாது. சுற்றிலும் பார்த்தேன். காக்கை குருவிகூட இல்லை. துளசி என்னை ஒட்டியே நடந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, சாமி பெயராக இருக்கும்.

அப்போதுதான் முனகல் கேட்டது. மனிதக் குரல். முன்னால் இல்லை, பின்னால் இல்லை. காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து.

துளசி என் கையை இறுகப் பிடித்தார். அவர் தாய்மொழியில் ஏதோ சொன்னார். எனக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது, மறைப்பானேன். ஆனால் அந்தக் குரல் இரண்டாம் முறை "அம்மா..." என்றது. செத்துப்போன சிப்பாய் இவ்வளவு வலியோடு கூப்பிட மாட்டான் என்று என் மண்டையில் எங்கோ ஒரு விஞ்ஞான வாத்தியார் சொன்னார். குரல் வந்த பக்கம் கழியால் முள்ளை விலக்கினேன். ஒரு பாழுங்கிணறு. இரண்டு ஆள் ஆழம், தண்ணீர் இல்லை. அடியில் ஓர் ஆள், முப்பது முப்பத்தைந்து வயசு, இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பி இருந்தது. இறங்கும்போது படிக்கல் ஒன்று பெயர்ந்து அவரோடு விழுந்திருந்தது.

எங்களைப் பார்த்ததும் அவர் உதவி கேட்பார் என்று நினைத்தேன். அவர் கையை ஊன்றிச் சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

"எந்த ஸ்டேசன்?" என்றார்.

"ஸ்டேசன் இல்லண்ணே. நாங்க பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க. மதுரை."

"வாத்தியாருக்கு எதுக்குய்யா காக்கிச் சட்ட?"

சாரணர் இயக்கத்தின் நோக்கங்களை அந்தக் கிணற்று மேட்டில் நின்று விளக்க முடியுமா? கயிற்றை இறக்கினேன். அவர் தொடவில்லை. "ஏத்தி அடிக்கத்தான? இங்கனயே கெடக்கேன்" என்றார். நான் சட்டையைக் கழற்றினேன். துளசியும் கழற்றினார். பனியனோடு இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அவர் முகம் மாறவில்லை.

"வாத்தின்னா பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்."

துளசி சட்டென்று ஆரம்பித்தார். ஐந்து வரைக்கும் நன்றாகப் போனது. "ஆறு பதினாறு தொண்ணூத்தாறு... ஏழு பதினாறு..." அதோடு நின்றுவிட்டார். "நான் டிராயிங் வாத்தியாருண்ணே!" என்று அழாத குறையாகக் கத்தினார். நூற்றுப்பன்னிரண்டு என்று தொடங்கி நான் பதினாறு வரைக்கும் சொல்லி முடித்தேன். கீழேயிருந்து வலியோடு ஒரு சிரிப்பு வந்தது. "எங்க வாத்தியும் இப்படித்தேன் மூச்சு விடாமச் சொல்லுவாரு" என்றார்.

அவர் பெயர் மாயாண்டி. நான் கயிற்றில் இறங்கி, அவருக்கு நாற்காலி முடிச்சுப் போட்டேன். காலுக்குக் கிணற்றடியில் கிடந்த ஒரு குச்சியை வைத்து ஸ்கார்ஃபால் கட்டினேன். மேலே நின்று துளசி ஒருவரே இழுத்தார். கை தோல் உரிந்துவிட்டது, விடவில்லை. மேலே கொண்டுவந்து சேர்த்ததும் இரண்டு சட்டையின் பொத்தானையும் பூட்டி, கைகளை உள்ளே திருப்பி, இரண்டு கழிகளையும் நுழைத்துத் தூக்குப்படுக்கை செய்தோம். பையன்களுக்கு எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தது. நிஜத்தில் ஓர் ஆளை வைத்துத் தூக்கியது அன்றைக்குத்தான்.

"ஊர்ல ஒருத்தரும் இல்லண்ணே, எல்லாம் எங்க போயிட்டாக?" என்று கேட்டேன்.

மாயாண்டி என்னை விநோதமாகப் பார்த்தார். "எங்க போவாக? இங்கனதேன்" என்றார்.

அந்த நேரம் ஒரு பெண் எழுந்து நின்றாள். எங்கேயோ தூரத்தில் இல்லை, எங்களிடமிருந்து பத்தடியில். வெறும் தரை என்று நான் கழியால் அளந்துகொண்டு போன இடத்தில், செம்மண் நிறச் சேலையோடு, ஒரு பள்ளத்திலிருந்து. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரு கிழவர். பிறகு பொட்டல் முழுக்க, இங்கே ஒருவர் அங்கே ஒருவராக, ஓசையே இல்லாமல் எழுந்தார்கள். மண் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் புழுதி, புருவத்தில் புழுதி. அறுபது எழுபது பேர். நாய்களை வாயைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். கைப்பிள்ளைகளை மார்போடு அழுத்தியிருந்தார்கள். இத்தனை நேரமும் நாங்கள் அவர்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறோம். ஒரு பிள்ளைகூட அழவில்லை. எனக்கு அந்த நிமிஷம் வந்த நடுக்கம் முனகலுக்கு வரவில்லை, காலி ஊருக்கு வரவில்லை.

முதலில் எழுந்தவள் மாயாண்டியின் மனைவி பேச்சி. நேராகத் துளசியிடம் வந்தாள்.

"அடுப்ப அமத்துனது நீங்கதான?"

துளசி தலையசைத்தார்.

"வேலியோரத்துல படுத்துப் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். அவுக வந்தா சோத்துப் பானைய ஒதைச்சுத்தேன் தள்ளுவாக. விறக இழுத்து வச்ச போலீச நான் பாத்ததே இல்ல. அப்பறந்தேன் உங்க பின்னாடியே பதுங்கி இங்கிட்டு வந்தேன். இருந்தாலும் எந்திரிக்கப் பயமா இருந்துச்சு."

மதுவிலக்கு இருந்த காலம் அது. மலைப் பக்கம் எவனோ இரண்டு பேர் சாராயம் காய்ச்சுவார்களாம். ரெய்டு வந்தால் அடி ஊர் முழுக்க. ரெய்டு விசிலோடு வரும். அதனால் விசில் கேட்டால் போட்டது போட்டபடி பொட்டலுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். மாயாண்டி கிணற்றில் இறங்கியதும் அதற்குத்தான். இதை மாயாண்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடக்கும்போது பேச்சிதான் சொன்னாள்.

"இந்தப் பொட்டலுக்கு ஏம்மா? மலைக்கு ஓடலாம்ல?"

"ஓடுனாத் தெரியும்ல. அந்தக் காலத்துல ஊரு இந்தப் பொட்டல்லதேன் இருந்துச்சாம். பட்டாளம் கொம்பு ஊதிக்கிட்டு வந்துச்சாம். சண்ட போட்டவுகளும் செத்தாக, மலைக்கு ஓடுனவுகளும் செத்தாக. பள்ளத்துல படுத்து மூச்சக் காட்டாமக் கெடந்தவுகதேன் பொழச்சாக. அவுக பிள்ளைகதேன் நாங்க."

இதை அவள் கதை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று நாம் சொல்வதுபோலச் சொன்னாள். நடுகல்லைத் தாண்டும்போது மட்டும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாட்டு வண்டியில் எழுமலை, அங்கிருந்து பஸ்ஸில் உசிலம்பட்டி ஆஸ்பத்திரி. எங்கள் சட்டை கிழிந்து மண்ணும் ரத்தமுமாக இருந்ததால் பனியனோடுதான் போனோம். காலையில் வந்த அதே கண்டக்டர். எங்களை அடையாளம் தெரியவில்லை. "பாவம், சொந்தக்காரரா?" என்று கேட்டுவிட்டு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். மாயாண்டிக்குக் கால் கூடுவதற்கு மூன்று மாதம் ஆனது. கொஞ்சம் சாய்த்து நடப்பார், ஆனால் நடந்தார்.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். துளசி சம்மதிக்கவில்லை. மாயாண்டியைப் பார்க்க அவர் மட்டும் இரண்டு மூன்று தரம் போய் வந்திருந்தார். ஊரில் கேட்டாராம். "பயலுகதான? வரட்டும். விசில் வேணாம். காக்கி வேணாம்" என்று சொன்னார்களாம். சீருடை இல்லாமல் சாரணர் பயணமா என்று தலைமையாசிரியர் முறைத்தார். வீட்டு உடையில் போகும் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். அடுத்த தை மாதம் இருபத்தாறு பையன்களோடு போனோம். கழி இல்லை, வரிசை இல்லை. மூன்று நான்கு பேராகப் பேசிக்கொண்டு போனோம். பேச்சி கம்பங்கூழ் காய்ச்சி வைத்திருந்தாள்.

சாயங்காலம் பொட்டலில் ஒரு விளையாட்டு. ஊர்ப் பிள்ளைகள் ஒளிய வேண்டும், எங்கள் பையன்கள் தேட வேண்டும். தடம் பார்ப்பதில் மெடல் வாங்கிய பையன்கள் என் பையன்கள். முக்கால் மணி நேரம் தேடினார்கள். ஒரு பிள்ளையைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் தோற்றோம் என்று துளசி கையைத் தட்டினார். பிள்ளைகள் எழுந்தார்கள். என் வலது காலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாலு வயசுப் பெண் ஒன்று எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டது. பையன்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். அது வெட்கப்பட்டுச் சிரித்தது. மாயாண்டியும் பேச்சியும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இது அவளுக்கு விளையாட்டாகவே முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஊரின் பெயரை எழுதவில்லை, எழுமலையில் கேட்டால் சொல்லுவார்கள். இப்போது ரோடு ஊர் வரைக்கும் போகிறது என்று கேள்வி. ஆனாலும் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், பொட்டலில் கிடையாது. தை, மாசி நல்ல மாதங்கள். சித்திரை வெயிலில் வேண்டாம். கிணற்றுப் பக்கம் பையன்களை விடாதீர்கள். முந்தின நாளே ஒரு பெரியவர் மட்டும் சாதாரண உடையில் போய், யார் வருகிறோம், எத்தனை பேர், எதற்கு என்று ஊரில் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அழகர்கோவில் இருக்கவே இருக்கிறது.

ஒன்று மட்டும் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். அந்தப் பொட்டலில் நின்று சுற்றிலும் பார்க்கும்போது, இங்கே யாருமே இல்லை என்று நிச்சயமாகத் தோன்றும். அதை நம்ப வேண்டாம்.